கார் ஷெட்டின் இரண்டு பக்கங்கள்

அப்பாவின் தொழில் முழுவதும் ஒரு கார் ஷெட்டுக்குள் இருந்தது. ஸ்ரீரங்கத்தில், பெருமாள் புறப்பாடு வரும் வீதி ஒன்றில், கார் இல்லாத ஒரு வீட்டின் கார் ஷெட் அது. விசேஷ வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் அப்பா. அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, சாதம் வடிக்கிற கூடை, சாம்பார் வாளி, தாம்பாளம், தட்டு, டம்ளர் எல்லாம் அங்கே தரையில்தான் கிடக்கும்.

ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் எழுத்து வெட்டியிருக்கும். அது என் பெயரின் முதல் எழுத்து. அப்பா முதல் அண்டாவை மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வாங்கியபோது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். பெயர் வெட்டுகிறவர், "என்ன பேருங்க போடணும்? எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அப்பா என்னைத் தூக்கிக் கடை மேடைமேல் நிறுத்தி, "எம் பொண்ணு எழுதும்" என்றார். எனக்கு அப்போது முழுப் பெயர் எழுத வராது. வந்த ஓர் எழுத்தைச் சாக்குக்கட்டியால் மேடையில் எழுதினேன். அதைப் பார்த்து அவர் உளியால் வெட்டினார். அதன் பிறகு வாங்கிய எல்லாவற்றிலும் அதே எழுத்துதான். ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ வீடுகளில் என் பெயரின் முதல் எழுத்தில் சாம்பார் ஊற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிப் பெருமையடித்ததற்கு நிறைய கேலியும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் கொடுத்த சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். படித்து முடித்து, துவாக்குடி பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரும்புச் சட்டங்கள், மேடைகள், படிக்கட்டுகள் ஆகியவற்றுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. நான் போட்ட படத்தைப் பார்த்து ஆட்கள் வெட்டி, வெல்டு வைத்து, லாரியில் ஏற்றுவார்கள். அந்த லாரி கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

கார் ஷெட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. நுழைந்ததும் இடது கைப் பக்கம் இருப்பது நல்லது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் ஆகியவற்றுக்குப் போகிற பாத்திரங்கள். வலது கைப் பக்கம், சுவரை ஒட்டி இருப்பது கெட்டது. சாவு வீட்டுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகிறவை. ஒரு பக்கத்துக் கரண்டிகூட மறுபக்கம் போகாது. கழுவும் இடம் வேறு, துடைக்கும் துணி வேறு. ஆனால் பாத்திரத்தில் அடையாளம் எதுவும் கிடையாது. பெயின்ட் புள்ளி வைக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"கெட்டதுக்குன்னு முத்திரை குத்துன தட்டுல யாரு பாப்பா சாப்பிடுவாங்க? துக்க வீட்டுக்காரங்களும் மனுஷங்கதான்" என்றார் அப்பா. எனவே ஒரு பாத்திரம் எந்தப் பக்கத்துப் பாத்திரம் என்பதற்கு அது கிடக்கும் இடம் மட்டுமே சாட்சி.

பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது வாடகையை அல்ல. "நல்லது செட்டுதானேங்க?" என்பார்கள். அப்பா இடது பக்கம் கை காட்டி, "இது நல்ல காரியத்துக்கு மட்டும் போறதுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் தொழில் நடந்தது.

சில வருடங்களாக அந்த வாக்கியத்துக்கு வேலை குறைந்துவிட்டது. மண்டபங்களில் பாத்திரத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டோடு செய்கிற வளைகாப்பும் காதுகுத்தும்தான் அப்பாவிடம் வந்தன. வலது பக்கம் மட்டும் குறையவில்லை. காரியத்துக்கு மண்டபம் கிடைக்காது. ஆகவே வலது பக்கத்துப் பாத்திரங்கள் எப்போதும் வெளியே போய் வந்தபடி பளபளவென்று இருக்கும். இடது பக்கத்தில் அண்டாக்களின் உள்ளே சிலந்தி வலை பின்னும். அப்பா வாரம் தவறாமல் அதைத் துடைப்பார்.

"இந்தப் பக்கம் இருக்கற வரைக்கும்தான் நான் பாத்திரக்காரன்" என்று ஒருநாள் துடைத்துக்கொண்டே சொன்னார். "இது போச்சுன்னா எழவு வீட்டுப் பாத்திரக்காரன்னுதான் ஊரு சொல்லும். உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவனும் அதைத்தான் சொல்லுவான்."

அப்போதுதான் ஷெட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். ஓய்வு பெற்ற அதிகாரி. நான் மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர்.

"பையன் இங்கேயே வந்துடறான்ப்பா. காரோட வரான். மொத்தமும் காலி பண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. பாதியை விட்டுக்கொடு. மீதிப் பாதியில நீ எப்படி அடுக்கி வெச்சுண்டாலும் சரி."

"சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்து அப்பா ஷெட் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் நிறைந்து, நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழிதான் இருந்தது. பாதியை எங்கே விடுவது? வேறு இடம் தேடிப் பார்த்தோம். கேட்ட இடமெல்லாம், "என்னென்ன பாத்திரம்?" என்றார்கள். அப்பா மறைக்காமல் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் ஒரு டேப்போடு போய் ஷெட்டை அளந்தேன். தரையில்தான் இடமில்லை. தலைக்கு மேலே ஒரு கார் ஷெட் அளவுக்குக் காற்று சும்மா நின்றுகொண்டிருந்தது. வலது சுவர் முழுக்க, கூரை வரைக்கும் இரும்புச் சட்டத்தில் பலகைத் தட்டு அடித்தால் எல்லாம் ஏறிவிடும். இடது பக்கம் காருக்கு. தட்டுகளை நடுவில் ஒரு தடுப்பு வைத்துப் பிரித்துவிடலாம். வாசலை ஒட்டிய பாதி நல்லதுக்கு, உள்ளே இருக்கிற பாதி கெட்டதுக்கு. அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் படம் அவருக்குப் புரிந்தது.

"இது நிக்குமா பாப்பா? அண்டா கனம் தாங்குமா?"

"கனமானது கீழ, இலேசானது மேல. நிக்கும்பா. என் கணக்கு தப்பாது."

கடையில் செய்து வாங்கக் கையில் வசதி இல்லை. பழைய இரும்பு விற்கிற இடத்தில், ஏதோ கடையைக் கலைத்தபோது வந்த துளை போட்ட ஆங்கிள்களைப் பொறுக்கினேன். துரு இருந்தது, ஆனால் வளையவில்லை. பலகைக்கு, எங்கள் கம்பெனிக்கு மெஷின் வருகிற மரப்பெட்டிகளை உடைத்துப் போடுவதைக் கேட்டு வாங்கினேன். சும்மாதான் கொடுத்தார்கள். ஆணியைப் பிடுங்கி, கரையான் அண்டாமல் இருக்க வொர்க்‌ஷாப் கழிவு ஆயிலைப் பூசி, மொட்டைமாடியில் காயவைத்தேன். போல்ட்டும் நட்டும் மட்டும்தான் புதிது. ஆங்கிள்களுக்கு உப்புத்தாள் போட்டுச் சிவப்பு பிரைமர் அடித்ததில் என் உள்ளங்கை ஒரு வாரம் செங்காவி நிறத்தில் இருந்தது.

அம்மா சிரித்தாள். "படிச்ச படிப்புக்குக் கலெக்டர் ஆபீசுல உக்காருவான்னு பார்த்தா, கார் ஷெட்டுல நட்டு முடுக்கறா."

"கலெக்டருக்கு நட்டு முடுக்கத் தெரியாதும்மா."

"அது சரி. அதான் அவங்களுக்கு மாப்பிள்ளை கிடைக்குது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். அன்று சாயங்காலம் பெருமாள் அந்த வீதி வழியாக எழுந்தருளுகிறார். அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள்: "அதுக்குள்ள தெருவைக் காலி பண்ணிடணும். சாமி வர்ற நேரத்துல இந்தச் சட்டி முட்டியெல்லாம் வெளியில கிடக்கக் கூடாது." மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றேன். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். பாத்திரங்களை வெளியே எடுத்து, கேட்டுக்கு இடது பக்கம் நல்லதையும் வலது பக்கம் கெட்டதையும் குவித்தோம். ஷெட்டில் எப்படியோ தெருவிலும் அப்படியே.

நான் சுவரின் நீளத்தை அளந்திருந்தேன், உயரத்தை அளந்திருந்தேன், பலகையின் கனத்தைக்கூட அளந்திருந்தேன். கார் ஷெட்டின் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதை அளக்கவில்லை. கழுவுகிற தண்ணீர் வெளியே ஓடுவதற்காக அப்படிக் கட்டுவார்கள். பாத்திரம் மூடியிருந்த தரையில் அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. ஒரே நீளக் கால்களோடு சட்டத்தை நிமிர்த்தியதும் அது வாசல் பக்கம் சாய்ந்து நின்றது.

"செங்கல்லு முட்டுக் கொடுத்துடலாமா?" என்றார் அப்பா.

செங்கல் வைத்தோம். அண்டாவை ஏற்றிப் பார்த்ததும் அது பொடிந்து உதிர்ந்தது. சரியாகச் செய்வதென்றால் வாசல் பக்கத்துக் கால்களுக்கு மிச்சமிருந்த ஆங்கிளை ஒட்டுப்போட்டு நீட்ட வேண்டும். அதற்கு முடுக்கிய போல்ட்டுகளில் பாதியைக் கழற்ற வேண்டும். கழற்றினோம். அம்மா சோறு கொண்டுவந்தாள். நின்றபடியே தின்றுவிட்டு மறுபடி முடுக்கினோம். பின்னால் குறுக்கே ஒரு பட்டையை மூலைக்கு மூலை போட்டதும் சட்டம் அசைவில்லாமல் நின்றது. நான் அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினேன். அப்பா கைதட்டினார்.

வெளியே வந்தபோது எதிர்வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீதி முழுக்க ஈரமாக இருந்தது. எங்கள் பாத்திரக் குவியல் இரண்டும் மட்டும் வீதி ஓரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. முனையில் மேளச் சத்தம் கேட்டது.

"ஐயோ, வந்துட்டாரு!" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. வீதியே ஓடிவந்தது. எதிர்வீட்டு மாமி கோல டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுகளை அள்ளினார். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து அண்டாவைத் தூக்கினார்கள். பூக்கடைக்கார அக்கா, சேவிக்க வந்து நின்றவர்கள், முகமே தெரியாத ஒரு வெளியூர்க் குடும்பம், எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொடுத்தார்கள்.

"அண்டாக்குள்ள குண்டானை வைங்க, இடம் அடைக்காது!"

"டம்ளர் எல்லாம் அந்த வாளியில கொட்டுப்பா!"

"பார்த்து, பார்த்து, மாமி கால்ல விழுந்துடப் போறது!"

அப்பா நடுவில் நின்று, "அது இல்லீங்க, அது தனிங்க, அந்தப் பக்கத்தது தனிங்க" என்று சொன்னார். மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், தனி என்றால் என்ன என்று அந்த இடத்தில், அந்த நேரத்தில், அத்தனை பேர் காதில் விழ அவரால் சொல்லியிருக்க முடியாது. கடைசி தாம்பாளம் உள்ளே போனதும் பெருமாள் எங்கள் கேட்டுக்கு நேரே வந்தார். எல்லாரும் கைகூப்பினோம். கற்பூர ஆரத்தி, துளசி வாசனை. பூக்கடைக்கார அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, "பாருங்க, உங்க பாத்திரமெல்லாம் உள்ள போற வரைக்கும் பெருமாளே காத்துக்கிட்டு நின்னுருக்காரு" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா கைகூப்பியபடி ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே எல்லாம் மிக அழகாக அடுக்கியிருந்தது. புதுப் பலகைத் தட்டைப் பார்த்த உற்சாகத்தில், பெரியது கீழே, சின்னது மேலே என்று, நான் படத்தில் போட்டிருந்தபடியே யாரோ அடுக்கியிருந்தார்கள். தடுப்பு இருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லா விளிம்பிலும் என் எழுத்து. எது எந்தப் பக்கத்தது என்று மட்டும் தெரியவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அப்பா பிரிக்க முயன்றார். அண்டாக்களில் சிலவற்றை நசுங்கலை வைத்துச் சொல்லிவிட்டார். இது காதுகுத்தில் படியில் உருண்டது, இது காரியத்தில் அடி பிடித்தது என்று. குண்டான்களில் தயங்கினார். தட்டுக்கும் டம்ளருக்கும் வந்தபோது ஒன்றைக் கையில் எடுப்பார், திருப்புவார், வெளிச்சத்தில் பார்ப்பார், வைப்பார். பளபளப்பாக இருப்பதெல்லாம் கெட்டது என்று நான் சொன்னேன். ஆனால் போன வாரம்தான் அவர் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார்.

"கழுவிடலாம்பா. புளி போட்டு, சுடுதண்ணி ஊத்தி. பாத்திரம் பாத்திரம்தானே?"

"ம்."

"மஞ்சத் தண்ணி தெளிச்சுடலாம். தீட்டுன்னா அதோட போயிடும்."

"தீட்டு போயிடும்டி" என்றாள் அம்மா. "நாளைக்கு ஒருத்தி வந்து நல்லது செட்டுதானேன்னு கேட்பா. உங்கப்பா எந்தப் பக்கம் கையைக் காட்டுவாரு?"

நான் விடவில்லை. சாவு வீட்டில் சாப்பிட்ட தட்டில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது, கேட்கிறவர்கள் வீட்டில் யாருமே செத்ததில்லையா என்றெல்லாம் கேட்டேன். இப்போதும் அந்தக் கேள்விகளில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பா முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் பாப்பா. ஆனா அவங்க எங்கிட்ட அதைக் கேக்கலையே. நல்லதுக்கு மட்டும் போனதான்னுதான் கேக்கறாங்க."

புதிதாக ஒரு செட் வாங்குவது எங்கள் கைக்கு எட்டுகிற காரியம் இல்லை. அப்பா நடுத் தடுப்பைக் கழற்றச் சொன்னார். நான் கழற்றினேன். அதற்கு இனி வேலை இல்லை.

சில நாட்களில் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் அப்பாவின் பாத்திரம்தான் போகும்.

"அண்ணே, பொண்ணுக்கு வளைகாப்பு வெச்சிருக்கோம். ஏழு வகைச் சாதம். போன தடவை எடுத்த மாதிரியே எடுத்துவைங்க."

"இப்ப நல்லதுக்கு விடறதில்லீங்கம்மா."

"என்னண்ணே விளையாடுறீங்க? இவ்வளவு அடுக்கி வெச்சிருக்கீங்க?" என்று பலகைத் தட்டைப் பார்த்தார். "கடை மாதிரி இல்ல இருக்கு! அப்ப இதெல்லாம்?"

அப்பா ஒரு தாம்பாளத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அந்த அம்மா ஷெட்டுக்குள் வைத்திருந்த காலை மெதுவாக வெளியே எடுத்தார். "சரிண்ணே, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வர்றேன் என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போலத் தயங்கி, வேகமாகப் போனார்.

மாமாவின் பையன் காரோடு வந்தான். இடது பக்கத்தில் கார் கச்சிதமாக நின்றது; கதவைத் திறக்கவும் இடம் இருந்தது. நான் அளந்த அளவு அது. "பிரமாதமாப் பண்ணியிருக்காம்மா உன் பொண்ணு" என்று மாமா அம்மாவிடம் சொன்னார். பாத்திரம் கலந்துபோன விஷயம் மாமாவின் வீட்டு மாமிக்கு எப்படியோ போய்விட்டது. புதுக் கார் நிற்கிற இடம் பாருங்கோ, ஒரு திரை போட்டுடுங்கோ என்றார். நீல நிறத் தார்ப்பாயை மேலிருந்து கீழே வரை தொங்கவிட்டோம். நான் என் கையால் செய்த ஒரே பலகைத் தட்டு அதற்குப் பின்னால் நிற்கிறது. இன்றுவரை ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. காரியத்துக்குப் பாத்திரம் கேட்டு வருகிறவர்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

இந்த வருடம் எனக்கு ஓர் இடம் அமைந்தது. தொட்டியத்தில் வாழை வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்தை எங்கள் வீட்டிலேயே எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெண்ணின் அப்பாவே பாத்திரக்காரர், பாத்திரத்துக்குக் கவலையில்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா போனில் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என் கல்யாணச் சோறு என் எழுத்துப் போட்ட அண்டாவில்தான் வேகும் என்று அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். நான் அதை நினைவுபடுத்தவில்லை. நம் பாத்திரத்திலேயே சமைத்தால் என்ன என்று மட்டும் ஒருமுறை கேட்டேன். "வேண்டாம் பாப்பா" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறி மலைக்கோட்டைக்குக் கீழே அந்தச் சந்துக்குப் போனோம். அங்கே அப்பாவுக்குத் தெரிந்த ஒரு வாடகைப் பாத்திரக்காரர் இருந்தார். கடை நெருக்கமாக, கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது. இரண்டு பக்கம் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"வாங்க வாங்க. என்ன, உங்ககிட்ட இல்லாததா எங்கிட்ட இருக்கு?"

"நம்ம வீட்டு விசேஷம். பொண்ணுக்கு நிச்சயம்."

"ரொம்பச் சந்தோஷம்! எத்தனை பேருக்கு?"

அப்பா சொன்னார். அவர் குவியலுக்குள் கையை விட்டு வரிசையாக எடுத்துப் போட ஆரம்பித்தார். அப்பா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவரிடம் அத்தனை வருடங்களாக எல்லாரும் கேட்டதை, அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நல்லது செட்டுதானேங்க?"

"ஆமா ஆமா, நல்லதுதான், நல்லதுதான்" என்றார் அவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் எடுத்தபடியே சொன்னார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. வேறு கடை தேடலாம். அங்கேயும் இதைத்தான் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஓர் ஆட்டோவில் ஏற்றினோம். கார் ஷெட்டுக்குப் போகவில்லை, நேரே வீட்டுக்குத்தான். காவிரிப் பாலத்தில் ஆட்டோ மெதுவாகப் போனது. அப்பா மடியில் வைத்திருந்த குண்டானின் விளிம்பில் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"இது என்ன எழுத்து பாப்பா?"

சொன்னேன். யாரோ ஒருவருடைய பெயரின் முதல் எழுத்து. அவர் தலையசைத்துவிட்டு விளிம்பை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.